ஒருவர் விழுந்த மறுநாள் ஊரே தேடுகிறது

இரண்டு வருடத்துக்கு முன்னால், காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் அறுபதாம் கல்யாணம். பழைய காலத்துப் பெரிய வீடு. வளவில் பூசை, இரண்டாம் கட்டில் பந்தி, முகப்பில் நாற்காலி போட்டு வெளியூர்க்காரர்கள். அந்த முகப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார், இரண்டு எட்டு வைத்தார், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் அப்படியே சரிந்தார்.

ஒருவர் சோடாவுக்கு ஓடினார். ஒருவர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். ஓர் ஆச்சி விசிறியை எடுத்தார். மீதிப் பேர் எல்லோரும் சுற்றி நின்று காற்றை மறைத்தோம், நானும் சேர்த்துத்தான். கல்லூரியில் என்சிசியில் இருக்கும் ஒரு பெண் பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடிவந்தாள். தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து கவனித்தாள். "மூச்சு சீரா இருக்கு. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. யாராவது ஒருத்தர் 108க்குப் பேசுங்க, எல்லாரும் பேசாதீங்க" என்றாள். அப்புறம் தெரிந்தது: பூசை முடியட்டும் என்று காலையில் எதுவும் சாப்பிடாத மனிதர், சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார். ராத்திரிக்குள் வீடு திரும்பிவிட்டார்.

நான் சொல்ல வந்தது அன்று இரவு நடந்ததை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதுவரை 'முதலுதவி' என்ற சொல்லே வந்ததில்லை. அன்று இரவு மட்டும் வீடியோ மேல் வீடியோ. நெஞ்சை எப்படி அழுத்துவது, வலிப்பு வந்தால் என்ன செய்வது, சர்க்கரை இறங்கினால் என்ன அறிகுறி. சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி நாலு வீடியோ அனுப்பினான். மறுநாளும் அதே பேச்சு. மூன்றாம் நாள் கொஞ்சம் குறைந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பழையபடி காலை வணக்கம், பூப்படம், பழனிமலை முருகன்.

இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன். பலர் பார்க்க ஒருவர் விழுகிறார். உடனே உயிர் காக்கும் கலைகளைப் பற்றிய தேடல் இணையத்தில் குபீரென்று ஏறுகிறது. சில நாளில் வடிந்துவிடுகிறது. ஒரு குடும்பக் குழுவில் நடப்பதும் உலக அளவில் நடப்பதும் ஏறக்குறைய ஒரே வடிவம்தான்.

உலக அளவில் என்றால் எப்படி? 2021 ஜூன் 12. கோபன்ஹேகன் மைதானத்தில் யூரோ கால்பந்துப் போட்டி, டென்மார்க்கும் பின்லாந்தும். முதல் பாதி முடியும் முன்பே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் மோதாமல், தானாகவே புல்தரையில் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. சக வீரர்கள் கேமராவுக்கு முதுகைக் காட்டி அவரைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். உள்ளே மருத்துவக் குழு நெஞ்சை அழுத்தியது, மின் அதிர்ச்சி கொடுத்தது, அவர் கண் திறந்தார். இத்தனையும் உலகம் முழுக்க நேரலையில் போய்க்கொண்டிருந்தது.

2023 ஜனவரி 2. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம். அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் எதிரணி வீரர் ஒருவரோடு மோதினார், எழுந்தார், மறுகணம் மல்லாந்து விழுந்தார். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடித்துளியில் நெஞ்சில் விழும் அடி, அந்தத் துடிப்பையே குலைத்துவிடலாம். அவருக்கு நேர்ந்தது அதுதான் என்று பின்னர் மருத்துவர்கள் முடிவுக்கு வந்தார்கள். மைதானத்திலேயே சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தித் தரும் உயிர்காப்பு முதலுதவி, கொடுத்தார்கள். அவரும் பிழைத்தார். அடுத்த சில நாட்களில் சிபிஆர், ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் பெட்டி) என்ற இரண்டு சொற்களுக்கான தேடல் அங்கே செங்குத்தாக ஏறியது. பயிற்சி வகுப்புகளில் சேர ஆட்கள் குவிந்தார்கள். (சிராவயல் மஞ்சுவிரட்டு பார்க்கப் போகும் நாம் மாட்டின் கொம்பை மட்டும் பார்த்துப் பயப்படுகிறோம். கூர்மையே இல்லாத ஒரு மோதலும் இதயத்தை நிறுத்தக்கூடும் என்பதை ஹாம்லினுக்குப் பிறகுதான் நானும் படித்துத் தெரிந்துகொண்டேன்.)

2022 அக்டோபர் 29 இரவு, தென்கொரியத் தலைநகர் சியோலில் இட்டேவான் என்ற இடத்தில் கூட்ட நெரிசல். 159 பேர் இறந்தார்கள். தெருவில் வரிசையாகக் கிடத்தப்பட்டவர்களுக்கு வழிப்போக்கர்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த காட்சி உலகமெங்கும் பரவியது. அதன் பிறகு கொரியாவில் சிபிஆர் கற்க விரும்பியவர்கள் கூடினார்கள்.

தேடல் ஏறியது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் கூகுள் ட்ரெண்ட்ஸை வைத்து. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கக்கூடிய பக்கம் அது. 2004 முதல் உள்ள தேடல் போக்கை அதில் பார்க்கலாம். ஒரு சொல்லை எழுதி, நாட்டையோ மாநிலத்தையோ தேர்ந்தெடுத்தால் ஒரு கோடு வரும். கோட்டின் உச்சியில் 100 என்று இருக்கும். அதை 100 பேர் தேடினார்கள் என்றோ 100 சதவீதம் என்றோ பலர் தப்பாகப் படிக்கிறார்கள். பத்திரிகையில்கூட அப்படி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

வாரச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் மாம்பழம் அதிகம் விற்றதா என்று தெரிய வேண்டும். எத்தனை கூடை விற்றது என்று எண்ணினால், திருவிழா வாரத்தில் எல்லாச் சரக்குமே அதிகம் விற்றிருக்கும், குழப்பம்தான் மிஞ்சும். அதனால் சந்தையில் விற்ற மொத்தச் சரக்கில் மாம்பழத்தின் பங்கு எவ்வளவு என்று பார்க்கிறோம். எந்த வாரம் அந்தப் பங்கு உச்சமோ அந்த வாரத்துக்கு 100 மதிப்பெண். மற்ற வாரங்களுக்கு அதோடு ஒப்பிட்டு 40, 12, 3 என்று மதிப்பெண். கூகுள் ட்ரெண்ட்ஸ் செய்வதும் இதே வேலைதான். 100 என்பது அந்தச் சொல்லின் சொந்த உச்சம். முந்தைய மாதம் 4 என்று இருந்து இன்று 100 என்றால், ஆர்வம் 25 மடங்கு ஆகியிருக்கிறது. எத்தனை பேர் என்பது அதில் தெரியவே தெரியாது. தேடியவர்கள் மிகக் குறைவு என்றால் 0 என்றே காட்டிவிடும். காரைக்குடி அளவுள்ள ஊருக்குத் தனியாகப் பார்க்க முயன்றால் இந்தச் சங்கடம் வரும்.

இன்னொன்று. தேடலை நோய்க்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சல் பற்றிய தேடலை வைத்தே ஃப்ளூ பரவலைக் கணித்துவிடலாம் என்று 2008ல் கூகுள் ஒரு சேவையைத் தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தில் அது உண்மையைவிட மிக அதிகமாகக் கணித்து மானம் போனது. செய்தியைப் பார்த்துப் பயந்து தேடியவர்களையும் காய்ச்சல் வந்து தேடியவர்களையும் அதனால் சரியாகப் பிரித்தறிய முடியவில்லை. 2015ல் மூடிவிட்டார்கள். சிபிஆர் தேடலும் அப்படித்தான். கண்ணெதிரே ஒருவர் விழுந்து கிடக்கும்போது யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. அந்தக் கோட்டில் ஏறுவது, பார்த்தவர்களின் பதைப்பும் 'நம் வீட்டில் நடந்தால்' என்ற கேள்வியும்.

எல்லாச் சாவும் இந்தப் பதைப்பை உண்டாக்குவதில்லை. ஆஸ்பத்திரித் திரைக்குப் பின்னால் தினமும் எத்தனையோ இதயங்கள் நிற்கின்றன, யாரும் எதையும் தேடுவதில்லை. பாதிக்கப்பட்டவர் நமக்குத் தெரிந்த முகமாக இருக்க வேண்டும். 'இவருக்கா?' என்று கேட்க வைக்கும் வயதும் உடம்பும் வேண்டும். காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் பட வேண்டும். சட்டென்று நினைவுக்கு வரும் ஒன்றை, அடிக்கடி நடக்கும் ஒன்று என்று மனம் நம்பிவிடும் என்பதை 1973ல் டிவெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் விளக்கினார்கள். மோதலே இல்லாமல் விழுந்த எரிக்சன், உடற்பயிற்சிக்குப் பேர்போன கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் என்று இந்த வரிசையில் வருபவர்களைப் பார்த்தால் விளங்கும்.

நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல்: சொல்

தமிழ்ச் செய்திகளில் யார் திடீரென்று இறந்தாலும் மாரடைப்பு. அந்த ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு விபத்துகளை அடைத்து வைத்திருக்கிறோம்.

ஊருணிப் பக்கத்து வயலைப் பாருங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஒரு வாய்க்காலில் மண் அடைத்துக்கொண்டது. அந்த வாய்க்கால் பாயும் துண்டு மட்டும் காய ஆரம்பிக்கும். இது மாரடைப்பு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. ஆளுக்கு நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், தோளும் தாடையும் இழுக்கும். பெரும்பாலும் பேசுவார், நடக்கக்கூட முயல்வார். அவருக்கு வேண்டியது உட்கார வைப்பதும் தாமதமில்லாத ஆஸ்பத்திரியும். அவர் நெஞ்சை யாரும் அழுத்தக் கூடாது.

மோட்டாரே நின்றுவிட்டால்? வயல் முழுக்கத் தண்ணீர் இல்லை. அது இதயத் துடிப்பு நின்றுபோவது. ஆள் சில நொடிகளில் நினைவிழந்துவிடுவார். மூச்சு இருக்காது, அல்லது கரையில் போட்ட மீன்போல எப்போதாவது ஒரு திணறல் வரும். அந்தத் திணறலைப் பார்த்து மூச்சு இருக்கிறது என்று ஏமாறுபவர்கள் உண்டு. மாரடைப்பு முற்றி இப்படி ஆகலாம், வேறு காரணத்தாலும் ஆகலாம். சிபிஆர் இவருக்குத்தான். கரண்ட் வரும்வரை கைப்பம்பு அடிப்பது மாதிரி, நெஞ்சை அழுத்தி அழுத்தி மூளைக்குக் கொஞ்சம் ரத்தத்தை நாமே அனுப்புகிறோம். ஏஇடி என்ற சின்னப் பெட்டி, தாறுமாறாகத் துடிதுடிக்கும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்து மோட்டாரை மறுபடி ஓட வைக்கப் பார்க்கும்.

இதைத் தேடலோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு பிரபலம் மேடையில் விழுகிறார். செய்தி 'மாரடைப்பு' என்கிறது. படித்தவர் கூகுளில் 'மாரடைப்பு வராமல் தடுக்க' என்று தேடுகிறார். பூண்டு, இஞ்சிச் சாறு, எண்ணெய் இல்லாச் சமையல் என்று பதில்கள் வருகின்றன. அவருடைய ஆர்வம் நிஜம், பதைப்பும் நிஜம். ஆனால் நெஞ்சை அழுத்தும் வீடியோவுக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. செய்தியில் 'இதயத் துடிப்பு நின்றது, அருகில் இருந்தவர்கள் சிபிஆர் கொடுத்தார்கள்' என்று ஒரு வரி இருந்திருந்தால் அவர் தேடும் சொல்லே மாறியிருக்கும். எரிக்சன் சம்பவத்தில் செய்தியிலேயே அந்தச் சொற்கள் இருந்தன. 2022 மே 31 அன்று கொல்கத்தாவில் கச்சேரி முடித்த சில மணி நேரத்தில் பாடகர் கேகே இறந்தபோது, உடனே சிபிஆர் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னது செய்தியானது. அந்த ஒரு வரியால் வட இந்திய ஊடகங்களில் சில நாள் சிபிஆர் பேசப்பட்டது. தமிழ்ச் செய்தி எழுதுபவர்கள் இதைக் கவனித்தால் நல்லது என்பது என் ஆதங்கம்.

அலை தப்பான கரையிலும் ஒதுங்கும். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு. 17ஆம் தேதி விடியற்காலையில் இறந்தார். தமிழ்நாட்டில் அப்போது எழுந்த கேள்வி முழுக்கத் தடுப்பூசியைப் பற்றியே இருந்தது. முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வது என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தடுப்பூசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் ஆய்வுக் குழு சில மாதங்கள் கழித்துச் சொன்னபோது, கேட்பதற்கு ஆள் இல்லை. அதற்குள் அலை வடிந்திருந்தது.

தேடல் ஏறும் நேரம் பார்த்துப் பொய்களும் ஏறும். எங்கள் குழுவில் சிங்கப்பூர்த் தம்பி அனுப்பிய நாலு வீடியோவில் ஒன்று, 'தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள்' என்பது. பல வருடமாகச் சுற்றும் சரக்கு. இதயம் நின்றவர் சில நொடியில் நினைவிழந்துவிடுவார், அப்புறம் எங்கே இருமுவது? வெறும் மாரடைப்பு என்றால் இருமலால் அடைப்பு விலகாது, 108ஐ அழைக்கும் நேரம்தான் போகும். பக்கவாதம் வந்தவருக்கு விரல் நுனியில் ஊசி குத்தச் சொல்லும் செய்தியும் இதன் ஒன்றுவிட்ட சகோதரன். நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறார்கள். அதுதான் சங்கடம், திட்டவும் முடியவில்லை.

தேடுவது ஓர் ஊர், விழுவது ஓர் ஊர்

செட்டிநாட்டை வைத்து யோசிக்கும்போது எனக்குப் பிடிபட்ட விஷயம் இது. இங்கே தேடுகிற விரல் ஓரிடத்திலும் விழுகிற உடம்பு வேறிடத்திலும் இருக்கின்றன. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் அரண்மனை மாதிரி வீடுகளில் வயதான ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், கோலாலம்பூரில், அமெரிக்காவில். அப்பச்சியை, அதாவது அப்பாவை, நினைத்துப் பதறிப்போய் 'சிபிஆர்' என்று தேடுபவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அந்தத் தேடல் சிங்கப்பூர்க் கணக்கில்தான் ஏறும். அப்பச்சி விழும்போது பக்கத்தில் இருக்கப்போவது காவல்காரரும் சமையல் செய்யும் அம்மாவும். அவர்கள் போனில் அந்த வீடியோ வந்திருக்காது. வந்தாலும் ஆங்கிலத்தில் இருக்கும்.

அந்த சிங்கப்பூர்ப் பிள்ளை தான் குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்ட் பக்கத்தில் ஏஇடி பெட்டியைத் தினமும் பார்க்கிறார். அங்கே 2015 முதல் ஒரு போன் செயலி இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாருக்காவது இதயம் நின்றால், 400 மீட்டருக்குள் இருக்கும் தன்னார்வலர்களுக்கு அது தகவல் அனுப்பும். அதைப் பார்த்துப் பழகியவர், தன் அப்பா அம்மா இருக்கும் தெருவில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், கணக்கு அப்படி. இதயம் நின்று நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கிறது. எதுவும் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. 108 சேவை தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது, அருமையான சேவை. ஆனால் எந்த வண்டியும் எந்த ஊரிலும் நாலு நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு உட்கார முடியாது. அந்த நிமிடங்கள் பக்கத்தில் இருப்பவருடையவை.

அவர் செய்ய வேண்டியது, கற்றுக்கொள்ள முடியாத வித்தையும் இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் 108ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போட வேண்டும். ஆளைக் கட்டாந்தரையில் மல்லாத்த வேண்டும், மெத்தையில் கூடாது. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். 5 செ.மீ. இறங்க வேண்டும், 6ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், அதாவது வினாடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுக்க மேலே வர விட வேண்டும். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. வாயில் வாய் வைத்து ஊதத் தயங்கியே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பயிற்சி இல்லாத பொதுமக்கள் பெரியவர்களுக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்ற எளிய முறையை இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கமே 2017ல் வகுத்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஊருணியிலோ தெப்பக்குளத்திலோ மூழ்கியவருக்கும் சின்னக் குழந்தைக்கும் மூச்சும் ஊத வேண்டும். அதை ஒருவர் நேரில் காட்டித்தான் கற்க முடியும்.

நேரில் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 5 செ.மீ. ஆழம் என்பது வீடியோவில் தெரியாது. பொம்மையை அழுத்திப் பார்க்கும்போதுதான் 'இவ்வளவு பலம் வேண்டுமா' என்று திகைப்பு வரும். அந்தப் பொம்மைக்கே ஒரு கதை உண்டு. நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தது 1960ல். அதே வருடம் நார்வேயின் பொம்மை உற்பத்தியாளர் லேர்டால் பயிற்சிப் பொம்மையைச் செய்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட முகம், பாரிஸில் சீன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முக அச்சு. காப்பாற்ற முடியாமல் போனவள் என்று கதை சொல்லும் அந்த முகத்தின் மேல் குனிந்துதான் உலகம் காப்பாற்றக் கற்றுக்கொண்டிருக்கிறது.

சரி, தேடல் ஏறுகிறது, இறங்குகிறது. அதனால் ஏதாவது மிஞ்சுகிறதா? 1972லேயே அந்தனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பொதுக்கவனம் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று எழுதினார். முதலில் அதிர்ச்சியும் உற்சாகமும். அப்புறம் இதற்கு எவ்வளவு உழைப்பும் செலவும் ஆகும் என்று உறைக்கும். அதன்பின் சத்தமில்லாமல் அடுத்த விஷயத்துக்கு நகர்ந்துவிடுவோம். ஆனாலும் அலை வந்துபோகும் இடத்தில் முன்பே இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சில ஏற்பாடுகள் மிஞ்சும் என்றார்.

மிஞ்சுவதற்கு ஒரு நல்ல உதாரணம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 2021 அக்டோபர் 29 அன்று புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தார். பெங்களூரு இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்குக் கூட்டம் நெருக்கியது, அது சில வாரத்தில் தணிந்தது. ஆனால் அவர் கண்கள் தானமாகத் தரப்பட்டு நான்கு பேருக்குப் பார்வை கிடைத்த செய்தி வந்ததும், கர்நாடகம் முழுக்கக் கண்தானத்துக்குப் பதிவு செய்தவர்கள் குவிந்தார்கள். பயத்தால் வந்த கூட்டம் கலைந்தது, கண்தானத்துக்கு வந்த கூட்டம் கையெழுத்துப் போட்டது. ஏன்? அவருடைய தந்தை ராஜ்குமாரின் பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு கண் வங்கி இருந்தது. 2006ல் தந்தையின் கண்களும் அங்கே தானமாகப் போயிருந்தன. மனம் இளகிய நாளில் போய்த் தட்ட ஒரு கதவு இருந்தது, அது திறந்தும் இருந்தது.

எரிக்சன் சம்பவத்திலும் அப்படி ஒன்று நடந்தது. சம்பவம் நடந்த அதே மாதத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக், சிறு கால்பந்துக் குழுக்களுக்கு ஏஇடி வாங்கித் தரும் நிதியை அறிவித்தது. அலையின் உச்சியிலேயே காசை வைத்தார்கள்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது டென்மார்க். அந்த நாடு 2005ல் பள்ளியில் சிபிஆர் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2006ல் ஓட்டுநர் உரிமம் வாங்கவும் கட்டாயமாக்கியது. 2001ல் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் 100க்கு 21 பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் சிபிஆர் கொடுத்தார்கள். 2010ல் அது 45 ஆனது. ஒரு மாதம் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமானார்கள். சிகிச்சை முறைகள் மேம்பட்டதற்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் பத்து வருடத்தில் இது பெரிய மாற்றம். எரிக்சன் விழுந்தபோது உலகம் முழுக்கத் தேடல் கோடு ஊசிபோல ஏறி இறங்கியது. அவர் விழுந்த நாட்டில், யாரும் கவனிக்காமல் பதினைந்து வருடமாக வேறொரு கோடு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

மெல்ல ஏறும் கோட்டுக்கு நம் பக்கத்தில் வழி இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே நாட்காட்டி இருக்கிறது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கிறார்கள். கூடவே ஏராளமான பேர் நடக்கிறார்கள், அதில் வயதானவர்கள் எத்தனை பேர். வருடா வருடம் நடக்கும் இந்த நடைக்கு முந்தின வாரம் ஒருநாள் பொம்மையை வைத்துப் பழகினால், யாரும் செத்து நமக்கு நினைவூட்ட வேண்டிய அவசியம் வராது. வழியில் சாலை விபத்தைப் பார்த்து உதவப் பயப்படுபவர்களுக்கு ஒரு சேதி: உதவி செய்தவரை வழக்கு, சாட்சி என்று அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016ல் உறுதிசெய்தது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு சேர்ந்துவிட்டது.

அறுபதாம் கல்யாணத்துக்குத் திரும்புகிறேன். குழுவில் காலை வணக்கம் திரும்பி வருவதற்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று அந்த என்சிசிப் பெண் பிடிவாதம் பிடித்தாள். எட்டாம் நாள், அதே வீட்டு முகப்பில், ஒரு மருத்துவரையும் ஒரு பொம்மையையும் கொண்டுவந்து உட்கார வைத்தோம். உறவுக்காரர்களில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. வந்தவர்கள் தெருவில் இருந்த நாலு வீட்டுக் காவல்காரர்கள், சமையல்கார அம்மாக்கள், ஒரு பள்ளி வேன் டிரைவர், பக்கத்துக் கடைப் பையன். அதாவது, யாராவது விழும்போது நிஜமாகவே பக்கத்தில் இருக்கப்போகிறவர்கள். சமையல்கார அம்மா இரண்டு நிமிடம் அழுத்திவிட்டு, "முறுக்கு மாவு பிசையறதே தேவலை தம்பி" என்று மூச்சு வாங்கினார். மருத்துவர் சிரித்தார். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்றார்.

கடைசியில் காவல்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். "எல்லாம் சரிங்கய்யா. 108க்குப் போன் போட்டா எந்தத் தெருன்னு சொல்றது? முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் ஒரு தெரு. ஆச்சி படுத்திருக்கிறது கடைசிக் கட்டுல. முன்னாடி வண்டி நின்னா உள்ள வந்து தூக்கிட்டுப் போகவே அஞ்சு நிமிஷம் ஆகுமே?"

இத்தனை வீடியோ பார்த்த எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. பின்வாசல் தெருவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டினோம். பிறகு பின்கதவைத் திறந்து பார்க்கலாம் என்று சாவியைக் கேட்டோம். சாவி கோலாலம்பூரில் இருந்தது.